அம்மா படுத்தால் யாரை அழைப்பாய்

நாடியை மறுபடியும் தவறவிட்டாள் செண்பகவல்லி. பாதிவரைக்கும் சரியாகத்தான் எண்ணிக்கொண்டு போனாள், அதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம், காது அங்கே ஓடிவிட்டது, விரல்கள் மட்டும் ஆவுடையம்மாளின் மணிக்கட்டில் கிடந்தன. சத்தம் வார்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டது. யாரோ எக்ஸ்ரே வாங்கப் போகிறவர். அவர்கள் இல்லை. அவர்கள் வந்தால் இரண்டு பேராக வருவார்கள், அவசரமில்லாமல் வருவார்கள். சரி, மறுபடி முதலிலிருந்து. ஆவுடையம்மாளின் நாடி லேசுப்பட்டதில்லை. இதய வால்வு சுருங்கித் துடிப்பு தாளம் கெட்டுப்போனவள், இரண்டு அடி சேர்ந்தாற்போல் வரும், அடுத்தது எங்கே போயிற்று என்று தேடவைக்கும், ஆகவே கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிற சோம்பேறிக் கணக்கு இங்கே செல்லாது, முழு நிமிஷமும் எண்ணியாக வேண்டும். முழு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கிற மனசு இன்றைக்கு யாரிடம் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, கோட்டில் இஸ்திரி மடிப்பு கலைந்திருக்குமோ, நான்கு, ஐந்து, வார்டின் கடைசிக் கட்டிலருகே கூடப் படிக்கிற நிலோஃபர் எதற்கோ சிரிக்கிறாள், இவளுக்கு எப்படி இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, ஏழா எட்டா. "என்ன தாயி, எத்தன தடவதான் எண்ணுவ, எண்ண எண்ணக் கூடுமா?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள். அவளுக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது, கையைத் திருப்பிக் கேட்பதற்கு மரியாதை தடுத்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று சொல்லிவிட்டு செண்பகவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

இன்று சொசைட்டி நாள். முழுப்பெயர் ஹானர் சொசைட்டி. எப்போதோ இந்தக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்திய ஒரு பேராசிரியர் அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து, அங்கே பார்த்தது பாதி, தானே நினைத்தது பாதி என்று சேர்த்து ஆரம்பித்து வைத்தது. இறுதியாண்டில் மார்க்கில் முன்னால் நிற்பவர்களிலிருந்து எட்டுப் பேரை எடுப்பார்கள். மார்க்கு வாசல் வரைக்கும்தான் கூட்டிவரும், உள்ளே விடுவது கூடப் படிக்கிறவர்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி: உன் அம்மா படுத்தால் யாரை அழைப்பாய்? அதற்கு வருகிற பெயர்களை எண்ணி எட்டுப் பேர். முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதில்லை, மேடை போட்டுச் சொல்வதும் இல்லை. ஒரு நாள் மதியம் சொசைட்டிக்கார ஹவுஸ் சர்ஜன்கள் வார்டு வார்டாக வந்து, அந்த ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எதிரில் நின்று, வெள்ளைக் கோட்டில் ஒரு சின்னப் பேட்ஜைக் குத்திவிட்டுப் போவார்கள். கௌரவம் என்று ஒன்று டாக்டருக்கு வந்தால் கட்டில் பக்கத்தில்தான் வரவேண்டும் என்று அந்தப் பேராசிரியர் ஆசைப்பட்டாராம். நல்ல ஆசைதான். ஆனால் நடப்பது என்னவென்றால், வருஷத்தில் இந்த ஒரு மதியம் மட்டும் இறுதியாண்டுக்காரர்கள் ஒருத்தரும் கேண்டீனில் இருக்கமாட்டார்கள், கட்டிலுக்கு ஒரு டாக்டர் நிற்பார், காலையில் பார்த்த பிரஷரையே ஆள் மாற்றி ஆள் பார்ப்பார்கள், தலையணையை நிமிர்த்துவார்கள், சாப்பிட்டீங்களா பாட்டி என்று குரலை இழைப்பார்கள். காரணம் தெரியாத நோயாளிகள் மந்திரி வருகிறாரா என்று கேட்பார்கள். செண்பகவல்லிக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, போன வருஷம் வரைக்கும். இந்த வருஷம் அவளும் கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, இருக்கிற நோயாளிகளிலேயே நீண்ட நேரம் கையைப் பிடிக்க நியாயமுள்ள ஒருத்தியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அந்தப் பேட்ஜ் வேண்டும். ஏன் இவ்வளவு வேண்டும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. மெடல்கள் ஏற்கெனவே வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன, மருந்தியலில் ஒன்று, நோயியலில் ஒன்று, அதனால் பேருக்கு அலைகிறாள் என்று சொல்ல முடியாது. விஷயம் வேறு. போன மழைக்காலத்தில் ஹாஸ்டல் குளியலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ பேசிக்கொண்டார்கள்: செண்பா படிப்புல புலிதான், ஆனா பேஷண்ட்டை அவ பாத்தா, அடுத்த பக்கத்தைப் புரட்டுற மாதிரிதான் புரட்டுவா. அவர்கள் கெட்ட எண்ணத்தில்கூடச் சொல்லவில்லை, சோப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில் சொன்னார்கள், அதுதான் உள்ளே போய்த் தங்கிவிட்டது. வாளி நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றாள். அன்றைக்கிலிருந்து ஒவ்வொரு கட்டிலிலும் அவள் தன்னையே பார்த்துக்கொண்டாள். இப்போது சிரித்தேனா, சிரித்தது நேரத்துக்குச் சிரித்தேனா, தோளைத் தொட்டது எனக்காகத் தொட்டேனா அவருக்காகவா. நடையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தவனுக்குக் கால் இடறும் என்பார்கள், அப்படி இடறிக்கொண்டே ஒரு வருஷம் போயிற்று. பேட்ஜ் போட்டவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. முதல் வருஷத்துப் பிள்ளைகளை முதன்முதலாக வார்டுக்குள் கூட்டிவருவது அவர்கள்தான். மோசமான செய்தியைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லவேண்டி வந்தால் சீஃப் கூடவே ஒரு பேட்ஜையும் கூட்டிப் போவார். ஆஸ்பத்திரியே அவர்களைப் பார்த்து நீ சரியான ஆள்தான் என்று சொல்லிவிட்டது. செண்பகவல்லிக்கு அதை யாராவது சொல்லவேண்டும். அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. ஆவுடையம்மாளின் கை இளஞ்சூடாக இருந்தது, கண்ணாடி வளையல்கள் இரண்டு முழங்கைப் பக்கமாக ஏற்றிவிடப்பட்டிருந்தன, நான்கு, அப்புறம் எதுவுமில்லை, அப்புறம் மளமளவென்று மூன்று.

தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள் என்றா சொன்னோம்? சொல்லிப் பார்த்தது மட்டுமா. போன புதன்கிழமையை நினைத்தவுடன் அவளுக்குக் காது சுட்டது. ஓட்டு காகிதத்தில் இல்லை, கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. ஒவ்வொருவராக உடற்கூறியல் பக்கத்து அறைக்குள் போய் வாயால் பெயரைச் சொல்லவேண்டும். பார்மலின் நெடி. மேசைக்கு அந்தப்பக்கம் சகாயராஜ் அண்ணன், இந்த வருஷத்துச் செயலாளர், அவருக்குப் பின்னால் சுவர் பார்க்கத் திருப்பி வைத்த கரும்பலகை, அதில் கோடு போட இன்னொரு ஹவுஸ் சர்ஜன். கதவுக்கு வெளியே வரிசையில் நின்றபோது செண்பகவல்லியின் வாயில் நிலோஃபர் என்ற பெயர்தான் இருந்தது. சத்தியமாக அதுதான் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தாள், அவர் கேள்வியைக் கேட்டார், உன் அம்மா படுத்தால் யாரை அழைப்பாய், அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் பேசிய குரல் ஞாபகம் வந்தது, அல்லது வராமலே ஏதோ ஒன்று முந்திக்கொண்டது, நானே என்றாள். அவர் தலையைத் தூக்கினார். பேர் சொல்லும்மா என்றார். அப்போதாவது மாற்றியிருக்கலாம், வாய் தவறிவிட்டது அண்ணா என்று சிரித்திருக்கலாம், அவரும் சிரித்திருப்பார். செண்பகவல்லி, என்றாள். தன் பெயர் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பலகையில் சாக்பீஸ் ஒரு தரம் உரசியது. அந்த உரசல் ஒரு வாரமாகக் காதில் இருக்கிறது, சாப்பிடும்போது இருக்கிறது, ஸ்டெதஸ்கோப்பை மாட்டினால் இருதயத்துக்கு முன்னால் அதுதான் கேட்கிறது. இப்போது அதே சகாயராஜ் அண்ணன்தான் பேட்ஜோடு வருவார். சொல்லியிருப்பாரோ. தன் பேரைத் தானே சொன்ன ஒருத்தி உண்டு என்று மெஸ்ஸில் யாரிடமாவது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை, ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா. நேற்று இட்லிக்கு நின்றபோது இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவளைத்தானா, அவளுக்குப் பின்னாலிருந்த சட்னியையா.

பொய்யா சொன்னேன், என்று அவள் தன்னோடு வழக்காடினாள், இது எத்தனையாவது வாய்தாவோ. பெற்ற அம்மாவுக்கு மகள் பார்க்காமல் ஊரா பார்க்கும். நான் டாக்டராகப் போகிறேன், அம்மா படுத்தால் நான்தான் பார்ப்பேன், இதில் என்ன தப்பு. இப்படியே நேராகப் போனால் வழக்கு ஜெயித்துவிடும், ஆனால் அது எப்போதும் ஒரே இடத்தில் போய்த் தட்டும்: அம்மா படுத்தாள். மற்றவர்களுக்கு அது கேள்வி, இவளுக்கு நடந்த சங்கதி. இரண்டாம் வருஷத்தில் அம்மாவுக்கு டெங்கு. கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்து இதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பஞ்சாயத்து ஆபீஸில் டைப்பிஸ்ட், லீவு போடத் தெரியாத மனுஷி, கட்டிலில் கிடந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பிளேட்லெட் காலையில் எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு, எந்த அளவுக்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றவேண்டும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு நாள் விடிகாலை அம்மாவின் ஈறில் ரத்தம் கசிந்தது. ட்யூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள், அப்பாவுக்கு அடிக்கவில்லை, நிலோஃபருக்கு அடித்தாள். யோசித்து அடித்ததில்லை. நிலோஃபர் முக்காட்டைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காதில் ஏதோ கேட்டாள். அம்மா அழுதாள். வந்த நாளிலிருந்து அம்மா வெளிக்குப் போகவில்லை. எட்டுக் கட்டில் பார்க்க, ஆண்கள் போக வர, பெட்பேனில் உட்கார வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு, அதற்குப் பயந்து சரியாகத் தண்ணீரும் குடிக்காமல் கிடந்திருக்கிறாள், டெங்குக்காரி. மகளிடம் சொல்லவில்லை. நிலோஃபர் ஒரு சேலையை ஜன்னல் கம்பியிலிருந்து ட்ரிப் ஸ்டாண்டுக்கு இழுத்துக் கட்டினாள், இவளைப் பார்த்து, எளா, நீ வெளியில நில்லு, ஒருத்தரையும் உள்ள விடாத, என்றாள். செண்பகவல்லி சேலைக்கு வெளியே காவல் நின்றாள். உள்ளே அம்மாவும் நிலோஃபரும் எதற்கோ மெதுவாகச் சிரித்தது கேட்டது. அம்மா பிழைத்தாள் என்று சந்தோஷப்படுகிற நேரத்தில்கூட இவளுக்கு அந்தச் சிரிப்பு முள்ளாகக் குத்தியது, குத்தியது என்பதே இன்னொரு வெட்கம். அதற்கப்புறம் மருந்தியலில் பின்தங்கிக் கிடந்த நிலோஃபரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து மேலே ஏற்றிவிட்டதும் இவள்தான். இவள் ஏற்றிவிடாவிட்டால் சொசைட்டி வாசலுக்கே நிலோஃபர் வந்திருக்கமாட்டாள். அதை நினைக்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஆறுதல்பட்டதைக் கவனித்ததும் அதுவும் போயிற்று.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. பேட்ச் குழுவில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. சர்ஜரியில் இருவர், குழந்தைகள் வார்டில் ஒருவர், பிரசவ வார்டில் ஒருவர் கையுறையோடு நிற்கும்போதே குத்தினார்களாம், படத்தில் அவன் அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. அப்புறம் வேறு வார்டுகளில் மூன்று பேர், ஆக ஏழு பேர் ஆகிவிட்டது. பாக்கி ஒன்று. முடிந்தது, எனக்கில்லை, என்று நினைத்தவுடனே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடலாம், ஆவுடையம்மாள் டீ குடிக்கட்டும். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறதே. அவள் கையை விடவில்லை. அப்போது வாசலில் இரண்டு பேர் வந்தார்கள், அவசரமில்லாமல். முன்னால் சகாயராஜ் அண்ணன். வார்டு முழுக்க வெள்ளைக் கோட்டுகள் ஒரே நேரத்தில் நோயாளிகள் மேல் குனிந்தன. நிலோஃபர் மட்டும் கடைசிக் கட்டிலில் ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவர் செண்பகவல்லியின் பக்கத்தில் வந்து நின்றார். பேட்ஜை எடுக்கவில்லை. செண்பா, ஒரு நிமிஷம் வா, என்று ஜன்னலோரமாகக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நீ ஒரு பேர் சொன்னே," என்றார், வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு. "விதியில தப்பில்ல. யாரும் யார் பேரையும் சொல்லலாம். ஆனா இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல, அதான் சொசைட்டிப் பொறுப்புல இருக்கிற சாரைக் கேட்டோம். சார் உன்கிட்டயே கேக்கச் சொல்லிட்டார். அது நிக்கட்டுமா, இல்ல வேற பேர் சொல்றியா?" அவர் சொல்லக்கூடாததையும் சொன்னார், இளகின மனுஷர். கடைசி இடத்துக்கு உன்னோடு சேர்த்து இரண்டு பேர், உன் ஓட்டை எடுத்துவிட்டால் இரண்டு பேரும் சமம் என்றார். இன்னொருத்தர் யார் என்று சொல்லவில்லை. கண் மட்டும் அவரை மீறிக் கடைசிக் கட்டிலுக்குப் போய்த் திரும்பியது.

திட்டியிருந்தால் தேவலை. நீ செய்தது கேவலம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அழுது, தலையாட்டி, அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அவரோ நோயாளியிடம் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கிற குரலில் கேட்டுவிட்டுப் பொறுமையாக நிற்கிறார். நிலோஃபர், சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், தன் பெயரைவிடச் சின்னப் பெயர். நாக்கு நுனியில் நிற்கிறது. சொல்லு. சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள், அவள் உம்மா பிரியாணி செய்து அனுப்புவாள், இவளும் சாப்பிடுவாள், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாதா? சகாயராஜ் அண்ணனுக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், முதலில் தன் பெயரைச் சொல்லி, பிடிபட்டதும் மாற்றிக்கொண்டவள் என்று தெரியும். அப்படிப் பார்த்தால் மாற்றுவதுதான் பெரிய கேவலம், இல்லையா, சொன்ன சொல்லில் நிற்பதற்கும் ஒரு மரியாதை உண்டு. பார், எவ்வளவு நன்றாக வாதாடுகிறாய். நிலோஃபருக்கு இது எதற்கு, அவளுக்குப் பேட்ஜ் வேண்டியதில்லை, பேட்ஜ் இல்லாமலே எல்லாரும் அவளை அழைப்பார்கள், நாளைக்கும் அழைப்பார்கள், இருக்கிறவளுக்கு எதற்கு, இல்லாதவளுக்கு அல்லவா வேண்டும். இதை நினைத்தபோது இது உண்மை மாதிரியே இருந்தது. குத்திக்கொண்டால் வந்துவிடும், போகப் போக வந்துவிடும், கோட்டைப் போட்டுத்தானே டாக்டரானோம். ஆவுடையம்மாள் டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சேலைக்கு அந்தப்பக்கம் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது, அது இங்கே இல்லை. ஒன்று என்று எண்ணினாள், எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல், இரண்டு.

"அப்படியே நிக்கட்டும்ணா," என்றாள்.

சகாயராஜ் அண்ணன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சரி என்றார். பையிலிருந்து பேட்ஜை எடுத்துக் குத்தினார். ஜன்னலோரம் குத்தக்கூடாது, கட்டில் பக்கத்தில் குத்தவேண்டும் என்பது வழக்கம், இரண்டு பேருக்குமே அது ஞாபகமில்லை. கை கொடுத்தார். வாழ்த்துகள் டாக்டர் என்றார், அது எல்லாருக்கும் சொல்கிற வார்த்தைதான். சிஸ்டர்கள் கைதட்டினார்கள். ஆவுடையம்மாள் எதற்கென்று தெரியாமலே தட்டினாள். நிலோஃபர் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டாள், கோடாலித் தைலம் வாசனை அடித்தது, எனக்குத் தெரியும் எளா, எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே விலகி நின்று பார்த்தாள், பேட்ஜ் கோணலாக இருந்தது, கழற்றி நேராகக் குத்தினாள், துணிக்கு அடியில் தன் விரலைக் கொடுத்து, ஊசி இவள்மேல் படாமல். அந்த முகத்தில் எங்கேயாவது ஒரு சின்ன வருத்தம் தென்படுகிறதா என்று செண்பகவல்லி தேடினாள், இருந்தால் நன்றாயிருக்கும், மனசுக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். தென்படவில்லை. "மொதல்ல அம்மாக்குப் போன் போடு," என்றாள் நிலோஃபர்.

போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் அம்மா, பின்னால் ஆபீஸ் சத்தம். அம்மா போனில் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் சேர்த்துத்தான் பேசுவாள். கிடைத்துவிட்டது அம்மா என்று சொன்னவுடன் அந்தப்பக்கம் மூக்கை உறிஞ்சினாள், பக்கத்து மேசைக்காரரிடம் எம்மவளுக்கு என்று சொல்வது கேட்டது. இதற்குத்தான், இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான், எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது. பிறகு அம்மா கேட்டாள்: "ஏட்டி, அந்தப் புள்ளைக்கும் குடுத்தாகளா?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். பதிலுக்கு அம்மா காத்திருக்கவில்லை.

"நான் ஒரு கூறுகெட்டவ, கேக்கேன் பாரு. உனக்கே குடுத்துட்டாகன்னா அவளுக்குக் குடுக்காமயா இருப்பாக. பக்கத்துலதான நிக்கா, அவகிட்டக் குடு, நானே ஒரு வார்த்த சொல்லுதேன்."

எல்லாம் காதில் விழுந்த நிலோஃபர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். செண்பகவல்லி போனைக் கொடுத்தாள்.